ராசாவின் பல்

தார்மார்க் என்ற நாட்டை வரைபடத்தில் தேட வேண்டாம். அங்கே பாதி ஆயுளைக் கழித்த நானே தேடிக் களைத்துவிட்டேன். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆறு, நடுவில் மழை. அவ்வளவுதான் நாடு. அகதி என்று போய் இறங்கியபோது குடிவரவு அதிகாரி என்னிடம் முதலில் கேட்டது, "உங்களுக்கு எங்கள் ஹெல்கார் மன்னரைத் தெரியுமா?" என்பதுதான். தெரியும் என்று சொன்னேன். உடனே விசா கிடைத்தது.

ஹெல்கார் மன்னர் ஆயிரம் வருடமாக நரைமலைக்குள் தூங்குகிறார். நாடு அழியப்போகும் நாளில் எழுந்து ஆற்றுப் பாலத்துக்கு வந்து பகைவரைத் துரத்துவார். ஐரோப்பாவில் இப்படித் தூங்கும் அரசர்கள் அதிகம். பாதி மலைகளுக்குள் ஒரு ராஜா தாடியோடு படுத்திருக்கிறார். அங்குள்ள மலைகளுக்கு வேறு வேலை இல்லை. முழு ராஜாவும் மலைக்குள் இருக்க, அவருடைய கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் தலைநகரத் தேவாலயத்தில் வெள்ளிப் பெட்டிக்குள் இருந்தது. அது எப்படி என்று கேட்டால், "தூக்கத்தில் விழுந்தது" என்பார்கள். நியாயமான பதில்.

நான் அரண்மனையில் வேலை பார்த்தேன். அரச குடும்பம் எப்போதோ போய், அரண்மனையில் அரசாங்கம் குடியிருந்தது. எனக்குச் சலவைப் பகுதி. சமையலறையில் என் ஊர்க்காரி ஒருவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். பெயர் நாகபூசணி. நான் பூசணியக்கா என்பேன். பூசணிக்காய் என்று காதில் விழுந்தால் அது உங்கள் காதின் குற்றம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வால்ஸ்கர்கள் படையெடுத்து வந்தார்கள். ஒரு குளிர்காலத்தில் மறுகரையில் தார்மார்க்குக்கு இருந்த கொஞ்ச நிலமும் போய்விட்டது. தார்மார்க்கின் இளைஞர்கள் பாலத்தடியில் நின்று சண்டை பிடித்தார்கள். பிறகு நிற்க இளைஞர்கள் இல்லை. இருந்தவர்களும், "மன்னர் எழும்பட்டும், பார்க்கலாம்" என்று துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். அரசாங்கம் யோசித்தது. மலையைத் தோண்டிப் பார்ப்பதைவிடப் பல்லைத் தோண்டுவது சுலபம் என்று யாரோ சொன்னார்கள்.

பல்லிலிருந்து மன்னரை மறுபடி வளர்த்தெடுக்கும் அந்த வேலையைச் செய்தவர் டாக்டர் ஓஸ்டர் என்ற பெண்மணி. ஒல்லி, தூக்கம் கெட்ட முகம். கோப்பி குடிக்க எங்கள் சமையலறைக்கு வருவார். அவர் பேசியது அவர்கள் மொழியில்; என் வாய்க்கு வருகிறபடி நான் தருகிறேன்.

"உடம்பு வளர்ந்திட்டுது. பல்லில பாதியைப் பொடியாக்கினம். இருபத்தைஞ்சு வயசு ஆம்பிளை, நல்ல உயரம். இன்னும் கண் முழிக்கேல்ல."

"முழிச்சால் பழசெல்லாம் ஞாபகம் இருக்குமோ?" என்று கேட்டேன்.

"பல்லுக்கு உருவம்தான் தெரியும், ஞாபகம் தெரியாது. அதால பாட்டு ஊட்டுறம். அவரைப் பற்றி இந்த நாட்டில பாடின கதைப்பாட்டு முழுக்க. தூங்கேக்க மூளைக்குள்ள போகும். எழும்பேக்க தனக்கு நடந்ததெண்டு நினைப்பார்."

"பாட்டில பொய்யும் இருக்குமே, டொக்டர்."

"டிராகன் இருக்கு. எடுத்துவிடட்டோ எண்டு அமைச்சரிட்டக் கேட்டன். டிராகனைக் கொன்றவனுக்கு டாங்கி ஒரு பெரிய விசயமோ எண்டு கேட்டார்."

பூசணியக்கா தலை நிமிராமல் உரித்துக்கொண்டிருந்தார். "டொக்டர், ஒரு பல்லுப் போதுமோ?"

"போதும்."

"பால்பல்லு?"

"அதுவும் காணும். இருக்கோ?"

"கூரையில எறிஞ்சிட்டன்."

மொழிபெயர்ப்பில் ஏதோ பிழை என்று டாக்டர் என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் பிள்ளைக்குப் பல் விழுந்தால் கூரையில் எறிவோம், அணிலிடம் பழையதை எடுத்துப் புதியதைத் தா என்று கேட்போம் என்று விளக்கினேன்.

"அணில் என்ன செய்யும்?"

"ஒண்டும் செய்யாது. பல்லு முளைக்கும்."

"அந்தக் கூரை இப்ப?"

"எரிஞ்சு போச்சு" என்றார் பூசணியக்கா. "பிள்ளை அதுக்குப் பிறகு. பள்ளிக்கூடத்துக்குப் போனவன். ஆர் கொண்டு போனதெண்டும் தெரியாது, எங்கயெண்டும் தெரியாது. மழை வரப்போகுது, ராசா, குடையைக் கொண்டு போ எண்டு சொன்னன். கொண்டு போகேல்ல."

அதோடு ஒரு கிழங்கு முடிந்தது. அடுத்ததை எடுத்தார். டாக்டர் போன பிறகு என்னிடம் சொன்னார்: "பார்த்தியோ தம்பி, இவங்கள் ஒரு பல்லை ஆயிரம் வருசம் பெட்டியில வைச்சுப் பூட்டியிருக்கிறாங்கள். நாங்கள் அணிலுக்குக் குடுத்திட்டம்."

மன்னர் கண் விழித்தார். தேவாலய மணிகள் அடித்தன. தொலைக்காட்சியில் அமைச்சர் புரூன் அழுதார். அமைச்சர் நன்றாக அழுவார், அதற்காகவே அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

உள்ளே நிலைமை வேறு. பாட்டில் இருந்தது எல்லாம் மன்னருக்குத் தெரியும். வாள் சுழற்றுவார். பகைவனை நான்கு அடிச் செய்யுளில் திட்டுவார். பாட்டில் இல்லாத எதுவும் தெரியாது. சப்பாத்துக் கயிறு கட்டத் தெரியாது. படிக்கட்டில் இறங்கத் தெரியாது. பாட்டில் எப்போதும் குதிரையில்தான் இறங்குவார். பயம் என்றால் என்னவென்று தெரியாது. எந்தப் புலவனும் அவருக்குப் பயத்தை எழுதவில்லை. முதல் பாட்டே அவர் வாளோடு குகையிலிருந்து வெளியே வருவதில் தொடங்குவதால் தாய், தகப்பன், தவழ்ந்தது, விழுந்தது, ஒன்றும் இல்லை.

கடைசிப் பாட்டில் நண்பன் கொடுத்த கிண்ணத்தால் அவருக்கு விஷம் ஏறுகிறது. அதனால் யார் எதைக் கொண்டுபோனாலும் சுவரில் எறிந்தார்.

"கிண்ணம் ஏந்தும் கை எதுவோ, கேடு சூழும் கை அதுவே" என்றார். அவர் பேசுவதெல்லாம் அந்தத் தினுசுதான். சுவரைக் கழுவுபவர்கள் களைத்தார்கள். மன்னர் மெலிந்தார்.

அமைச்சர் சமையலறைக்கு வந்தார். "ஆராவது அவரைச் சாப்பிட வையுங்கோ. பட்டினியில செத்தால் பாலத்தில என்னத்தைக் கொண்டுபோய் நிறுத்துறது?"

பூசணியக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சோற்றில் பருப்பையும் மிச்சமிருந்த மீன்குழம்பையும் விட்டுக் குழைத்தார். கிண்ணம் இல்லை, தட்டு இல்லை. சட்டியோடு போனார். மொழிக்காக நானும் பின்னால் போனேன்.

மன்னர் சன்னலோரம் நின்றார். பூசணியக்கா ஒரு கவளத்தை உருட்டித் தன் வாயில் போட்டு மென்று காட்டினார். அடுத்த கவளத்தை அவருடைய வாய்க்கு நேரே நீட்டினார்.

"ஆ காட்டு, ராசா."

மன்னர் என்னைப் பார்த்தார். "யாது மொழிந்தாள் இம் மூதாட்டி?"

"வாயைத் திறக்கச் சொல்கிறார்."

"ராசா என்றாளே, அச்சொல்லின் பொருள் யாது?"

"அரசர் என்று அர்த்தம்" என்றேன். அகராதியில் அப்படித்தான் இருக்கிறது.

மன்னருக்கு முகம் மலர்ந்தது. அந்த அரண்மனையில் அதுவரை அவரை எல்லோரும் மேன்மை தங்கிய என்று ஆரம்பித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கினார்கள். நேராக, ஒரே சொல்லில் அரசர் என்று கூப்பிட்டவர் இவர்தான். வாயைத் திறந்தார். சட்டி காலியானது.

அன்றே ஆணை பிறப்பித்தார்: தம்முடைய பட்டங்களின் வரிசையில் ராசா என்பதையும் சேர்க்க வேண்டும். அமைச்சர் புரூன் சேர்த்தார். மன்னர் சாப்பிடுகிறார் என்றால் புரூன் எதையும் சேர்ப்பார். வாசலில் காவல் நிற்கும் சிப்பாய்கள் மன்னர் போகும்போது குதிகாலைத் தட்டி, "ரா-ஸா!" என்று கத்தத் தொடங்கினார்கள். பூசணியக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "உவங்கள் ஆருக்குச் சோறு தீத்தப் போறாங்கள்?" என்றார். தீத்துவது என்றால் எங்கள் ஊரில் ஊட்டுவது.

பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பூசணியக்காவின் தங்கை மகள் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறாள். அவளுடைய குழந்தையைப் படத்தில் காட்டினாள். மன்னர் அப்போது சமையலறையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அங்கே வருவது அவருக்குப் பழக்கமாகியிருந்தது. படிக்கட்டில் இறங்கவும் கற்றிருந்தார்.

"என்ர ராசா, மூக்கைச் சீறு, ராசா, போனை அம்மாட்டக் குடு" என்று பூசணியக்கா திரைக்குள் கொஞ்சினார்.

மன்னர் எட்டிப் பார்த்தார். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த குழந்தையை வெகுநேரம் உற்று நோக்கினார்.

"இவன் எந்நாட்டுக்கு அரசன்?"

"ஸ்காபரோவுக்கு" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவர் விளையாடவில்லை.

"அவனுக்குப் படை உண்டா?"

இனி மறைக்க முடியாது. எங்கள் மொழியில் தாய்மார் தங்கள் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றேன். நாடு வேண்டியதில்லை, முடி வேண்டியதில்லை. சோறு தின்ன மறுத்தால் போதும்.

பூசணியக்கா தொலைபேசியை வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனார். மன்னர் எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றார். பிறகு மெதுவாக, செய்யுள் இல்லாமல், எதுகை மோனை ஒன்றும் இல்லாமல், ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப என்னை எதுக்கு அப்படிக் கூப்பிட்டனீங்கள்?"

பூசணியக்கா திரும்பிப் பார்த்தார். "நீ சாப்பிடேல்ல" என்றார்.

அதற்குப் பிறகுதான் டாக்டர் ஓஸ்டரின் முகம் இன்னும் கெட்டது. மன்னர் கம்பளிச் சட்டை கேட்டார். வாளைப் பிடித்துவிட்டு, "இது வெட்டினால் நோகுமோ?" என்று கேட்டார். குதிரை கனைத்தால் ஒதுங்கினார். சமையலறையில் பூசணியக்காவின் ஏப்ரனின் நாடாவை ஒரு விரலில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தார், சுற்றியிருப்பது தனக்கே தெரியாமல்.

"ஆக்களுக்குத் தாய் இருந்தால் பயமும் வந்திடுது" என்றார் டாக்டர், கோப்பியைக் கலக்கிக்கொண்டு. "ரெண்டையும் பிரிச்சு வைக்க எனக்கு வழி தெரியேல்ல."

"பிரிக்காதேங்கோ" என்றார் பூசணியக்கா.

"பாலம் இன்னும் ரெண்டு கிழமைதான் தாங்கும், நாகா."

மன்னர் பாலத்துக்குப் போகக் குறித்த காலை வந்தது. முற்றத்தில் வெள்ளைக் குதிரை, கொடி, தொலைக்காட்சிக்காரர்கள். பாலத்தடியில் மிச்சப் படை மன்னருக்காகக் காத்து நின்றது. மன்னர் கவசத்தோடு படியில் இறங்கினார். முற்றத்துப் பக்கம் திரும்பவேண்டியவர் சமையலறைப் பக்கம் திரும்பினார். உள்ளே வந்து அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் குந்திக்கொண்டார்.

"நான் போகேல்ல, அம்மா."

அவ்வளவு பெரிய கவசம் நடுங்கும்போது பாத்திரக்கடை விழுந்ததுபோலச் சத்தம் வரும். நான் அதைக் கேட்டிருக்கிறேன்.

புரூன் சிப்பாய்களோடு வந்தார். பூசணியக்கா முன்னால் நின்றார். அவருடைய கையில் அகப்பை மட்டும் இருந்தது.

"இந்தப் பிள்ளை போகாது."

"இது பிள்ளை இல்லை அம்மா, நாட்டின்ர அரசர்" என்றார் புரூன். மரியாதையாகத்தான் சொன்னார்.

அடுப்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அரசர் இல்லை. ராசா."

சிப்பாய் ஒருவன் அவரை இழுத்தான். அவர் அடுப்பின் காலைப் பிடித்துக்கொண்டார். துப்பாக்கியின் பின்பக்கத்தால் வாயில் ஒரு அடி. வேண்டுமென்று அடித்ததல்ல என்று அந்தச் சிப்பாய் பிறகு என்னிடம் சொன்னான். அவனும் "ரா-ஸா" என்று கத்திப் பழகியவன்தான். பூசணியக்காவைப் பிடித்து வைத்திருந்தது இரண்டு பேர். எல்லோரும் போன பிறகு அவர் குனிந்து அடுப்பின் கீழிருந்து எதையோ எடுத்து ஏப்ரன் பையில் போட்டார். வாசலில் நின்ற டாக்டர் அதைப் பார்த்தார்.

பூசணியக்கா ஊட்டியதை நினைவிலிருந்து கழுவி எடுப்பதற்காக மன்னரை நரைமலைக்குள் இருந்த இராணுவ ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்த் தூங்க வைத்தார்கள். எழும்பவில்லை, தூக்கத்திலேயே போய்விட்டார். பாட்டில் சொன்னபடி மலைக்குள் தூங்கிய ஒரே ஹெல்கார் அவர்தான். இப்படிப் பயந்த ஒருவர் இருந்தது வெளியே தெரியக்கூடாது என்று உடனே எரித்தும் விட்டார்கள், பல்லோடு, எலும்போடு. அரசாங்கங்கள் அவசரத்தில் செய்கிற வேலை அப்படித்தான்.

பெட்டியில் மிச்சமிருந்த பாதிப் பல்லில் இரண்டாவது ஹெல்கார் வந்தார். அவரிடம் தமிழர் யாரும் போகக்கூடாது என்று ஆணை. சாப்பாட்டைக் குழாயில் ஏற்றினார்கள். எழுந்த கையோடு குதிரையில் ஏறிப் பாலத்துக்குப் போனார், டாங்கியை நோக்கிச் செய்யுள் சொன்னார், பாலத்தின் பாதியோடு ஆற்றில் போனார். உடம்பு கிடைக்கவில்லை. நாடு அழுதது, ஆனால் வால்ஸ்கர்கள் ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், பின்வாங்கினார்கள். அதுதான் பிழையாகப் போயிற்று. ஒரு ராஜாவுக்கு ஒரு கிழமை என்று புரூன் கணக்குப் போட்டுவிட்டார்.

மழை நின்றிருந்த ஒரு மத்தியானம் டாக்டர் ஓஸ்டர் சமையலறைக்கு வந்தார். கோப்பி கேட்கவில்லை.

"நாகா, உங்களிட்ட ஒரு பல்லு இருக்கு."

பூசணியக்கா ஏப்ரன் நாடாவை இறுக்கிக் கட்டினார்.

"நாங்கள் வளர்த்த உடம்பிலயிருந்து இன்னொண்டு வளர்க்கப் பல்லு மட்டும்தான் உதவும். ரத்தம் கித்தம் எல்லாம் அவசரத்தில வளர்ந்தது, கெட்டுப்போகும். அது முழுப் பல்லு. எத்தனை பேரையும் செய்யலாம்." முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ஒராளை உங்களுக்குத் தருவம். பாட்டு ஒண்டும் ஊட்டாமல். வெறுமையா. நீங்கள் சொல்லிக் குடுக்கிறதுதான் அவருக்கு ஞாபகம். என்ன பேர் வேணுமெண்டாலும் வைக்கலாம். புரூனிட்டச் சம்மதம் வாங்கிட்டன்."

டாக்டர் பொய் சொல்லவில்லை. கண்ணைப் பார்த்தேன்.

"மற்றவை?" என்றார் பூசணியக்கா.

"மற்றவை பாலத்துக்கு."

பூசணியக்கா ஏப்ரன் பையில் கையை விட்டார். விட்ட கை வெகுநேரம் வெளியே வரவில்லை. சுகந்தன் என்ற பெயரை அவருடைய வாய் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது. மகனுடைய பெயரை நான் அப்போதுதான் அறிந்தேன். பிறகு கதவைத் திறந்துகொண்டு முற்றத்துக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம். அரண்மனைக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். கையைச் சுழற்றி, அந்த வயதில் எப்படி முடிந்ததோ, பல்லை உச்சிக்கு எறிந்தார்.

"அணில் குஞ்சே, இதை எடு. புதுசு வேண்டாம். இனி ஒண்டும் தராதை."

டாக்டர் முகத்தை மூடிக்கொண்டார். பூசணியக்கா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். முடிந்தது என்று அர்த்தம்.

எங்கள் ஊர்க் கூரை தென்னோலைக் கிடுகு வேய்ந்தது. போட்டதைப் பிடித்துக்கொள்ளும், பல்லை எறிந்தால் இடுக்கில் செருகிக்கொண்டு யாருக்கும் திருப்பித் தராது. தார்மார்க்கின் கூரை பனி வழுக்கி விழுவதற்கென்றே செங்குத்தாகக் கட்டிய கல் ஓடு, அதுவும் ஈரம். மேலே "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு டிக், டிக், டிக் என்று இறங்கி வந்தது. ஓட்டு விளிம்பில் தண்ணீர் ஓடும் பீலிக்குள் விழுந்தது. குழாய்க்குள் உருண்டது. குழாயின் வாய் வழியாக மழைத்தண்ணீரோடு வெளியே வந்து டாக்டரின் சப்பாத்துக்குப் பக்கத்தில் நின்றது.

பூசணியக்கா பாய்ந்திருக்கலாம். பாயவில்லை. அணிலே திருப்பிக் கொடுத்ததுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் குனிந்து எடுத்தார். எடுக்காமல் போயிருக்கலாம் என்று நினைத்தேன். அவருடைய தம்பி பாலத்தடியில் நின்றவன் என்று பிறகு தெரிந்தது.

ஒருவரைத் தருவோம் என்ற பேச்சு பல்லை எறிந்தபோதே போய்விட்டது என்று புரூன் சொல்லி அனுப்பினார்.

வசந்தத்தில் அவர்கள் புறப்பட்டார்கள். வரிசை வரிசையாக, ஒரே தாடி, ஒரே தோள், ஒரே கண். குதிரை போதாமல் எல்லோரும் நடந்தார்கள். தெருவின் இருபக்கமும் சனங்கள் நின்று, "ரா-ஸா! ரா-ஸா!" என்று கத்தினார்கள். அது இப்போது தார்மார்க்கின் போர்க்கூச்சல். இரண்டாவது மன்னர் செத்ததைப் பற்றிய புதுப் பாட்டில் ஒவ்வோர் அடியும் அதில்தான் முடிகிறது. இவர்களுக்கு ஊட்டியதில் அந்தப் பாட்டும் உண்டு. அர்த்தம் கேட்டால் அரசர் என்பார்கள். யாரோ அகராதி தெரிந்தவன் சொல்லிக் கொடுத்தது.

பூசணியக்கா என் பக்கத்தில் நின்றார். வீட்டுக்குப் போவோம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கூட்டம் மூச்சு வாங்க ஒரு கணம் ஓய்ந்தபோது, கத்தாமல், பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார்.

"ராசா."

எல்லோரும் திரும்பினார்கள். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை ஒரே முகம் அவரைப் பார்த்தது. அவருடைய கை தன்னையறியாமல் ஏப்ரனுக்குப் போயிற்று.

குதிகால்கள் ஒன்றாகத் தட்டின. எல்லோரும் அவருக்கு ஒரு சலாம் வைத்தார்கள், பட்டத்தைச் சரியாக உச்சரித்த குடிமகளுக்கு வைக்கவேண்டிய சலாம். பிறகு முன்னே திரும்பிப் பாலத்துக்கு நடந்தார்கள்.

மழை தூறத் தொடங்கியிருந்தது. ஒருவரிடமும் குடை இல்லை.